வேலை தேடி வருவோரும் தடுப்பூசியும்
(நம் சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மகாசபையில் சில சொற்கள் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, கல்வியைப் பற்றியேனும் சிக்கனத்தைப் பற்றியேனும் பேசலாமென்றே முதலில் எண்ணினோம். அவை ஆண்டுதோறும் பேசப்படுவன. எம்மினும் வல்லார் அவற்றைப் பேசுவர். ஆகவே, பார்வைக்குச் சிறிதாயினும் நம் குடும்பங்கள் பலவற்றைத் தொடுவதாகிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது யாதெனின், ஒரு வேலையின் அபாயத்தை முன்னிட்டு இடவேண்டிய தடுப்பூசியை, அவ்வேலைக்கு மனுச் செய்வோர் தம் கைப்பொருளால் இட்டுக்கொண்டு வரவேண்டுமா, அன்றி வேலை கொடுப்போர் இடுவிக்க வேண்டுமா என்பதே.

இச்சபையைச் சற்று நோக்குங்கள். முன்வரிசையில் வைத்தியசாலையும், இரத்தப் பரிசோதனைச் சாலையும், உணவு விடுதியும் நடத்தும் கனவான்கள் அமர்ந்திருக்கின்றனர். பின்வரிசைகளிலும் தாய்மார் பகுதியிலும் நர்ஸ் படிப்பும் லாப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். வேலை கொடுப்போரும் வேலை தேடுவோரும் ஒரே பந்தலின் கீழ்க் கூடியிருக்கும் இடம் இது. ஆதலின் ஒரு சாராரைப் பழித்து மற்றொரு சாராரின் கைதட்டலைப் பெறுவது எம் நோக்கமன்று. பழி சொல்வதாயின் எம்மிடமிருந்தே தொடங்குதல் முறை, அவ்வாறே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் யாம் ஒரு சிறு வைத்தியசாலையின் நிர்வாகக் குழுவில் இருந்தோம். பரிசோதனைச் சாலைக்கு ஆள் தேவைப்பட்டது. விளம்பரம் எழுதியவர் யாமே. அதிலே, ‘மனுதாரர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டதற்கு அத்தாட்சி கொண்டுவருதல் வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். சிப்பந்திகளின் நலத்தைக் கருதிச் செய்த செயல் என்று அவ்வரியைப் பற்றிப் பெருமையும் கொண்டோம்.

நம்மவருள் ஒரு விதவைத் தாயின் மகள் மனுச் செய்தாள். தாயார் தையல் வேலை செய்து படிக்கவைத்த பெண். மற்றத் தகுதிகளிற் குறைவில்லை. ஊசி மட்டும் ஒரு தவணையே போட்டிருந்தாள். எஞ்சிய இரண்டில் ஒன்று அடுத்த மாதமும், மற்றொன்று ஆறாம் மாதத்திலும் போடவேண்டியவை. “ஐயா, மிச்ச ஊசியை இங்கே வேலை பார்த்துக்கொண்டே போட்டுக்கொள்ளக் கூடாதா? ஆறு மாசம் வீட்டில் உட்கார எங்களால் முடியாதே” என்றாள். யாமோ, “விதி அப்படி, அம்மா” என்று விடை கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அவள் வேறொரு பரிசோதனைச் சாலையிற் சேர்ந்தாள். அங்கே அத்தாட்சி கேட்பாருமில்லை, ஊசி போடுவாருமில்லை. சேர்ந்த சில வாரங்களில், ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவருக்கு இரத்தம் எடுத்த ஊசி அவள் விரலிற் குத்திவிட்டது. உடனே போடவேண்டிய இம்யூனோகுளோபுலின் மருந்தைக் கடன் வாங்கியே போட்டுக்கொண்டாள். அதன் பிறகு ஆறு மாதம் பரிசோதனையும் காத்திருப்புமாகக் கழிந்தன. நற்பேறாக நோய் தொற்றவில்லை. ஒரு கலியாண வீட்டில் அவள் தாயார் எம்மைக் கண்டு, “ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதுங்க” என்று சொன்னார்; ஒரு குறைச்சொல்லும் சொன்னாரில்லை. பந்தியில் அமர்ந்த எமக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பின்னரே யாம் சட்டத்தை எடுத்துப் படித்தோம். ‘விதி அப்படி’ என்று அப்பெண்ணிடம் சொன்னோமே, அவ்விதி எங்கும் இல்லை. இருந்த விதியோ நேர்மாறானது. அதனைக் கூறுமுன் நோயின் தன்மையைச் சிறிது கூறுவோம்.

ஹெபடைடிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமியால் வரும் நோய். இரத்தத்தின் வழியாகவும் உடல்நீர்களின் வழியாகவும் பரவும். சிலருக்கு மஞ்சட் காமாலையாகத் தோன்றி நீங்கும்; சிலருக்கு வெளியே யாதொன்றும் தெரியாமல் உடம்பிலேயே தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரற் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் முடியும். உலர்ந்த இரத்தக் கறையிலும் இக்கிருமி ஏழு நாள் வரை உயிர்த்திருக்க வல்லது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, நோயாளியின் இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால், அந்நோயாளியின் இரத்தத்திற் கிருமி மிகுந்திருக்கும்போது நூற்றுக்கு முப்பது வரை தொற்று நேரலாம். எல்லோரும் அஞ்சும் எச்.ஐ.வி. கிருமிக்கு இக்கணக்கு ஆயிரத்துக்கு மூன்றே என்பதை ஒப்பிட்டு நோக்கின், இதன் கொடுமை விளங்கும்.

இதற்கு வழி இல்லாமற் போகவில்லை. 1965-ம் ஆண்டில் பரூக் பிளம்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இக்கிருமியின் அடையாளத்தை இரத்தத்திற் கண்டு வெளியிட்டார். 1976-ம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அமெரிக்காவில் 1981-ம் ஆண்டில் முதல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் 1997-ம் ஆண்டில் ஹைதராபாத்து சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனியார் இதனைச் செய்து குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினர். இளம் வயதில் மூன்று தவணையும் முறையாகப் போட்டுக்கொண்டவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் காப்புப் பெறுகின்றனர். கையெட்டும் தூரத்தில் மருந்து இருந்தும், கொடுக்கவேண்டியவர் கொடாமையால் ஒருவர் நோயுறுவாராயின், அதனைத் தலைவிதி என்று சொல்லுதல் தகுமோ?

‘இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அரசாங்கமே போடுகிறதே’ என்பீர்கள். உண்மை. ஆனால் அத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது 2011-ம் ஆண்டிலேதான். இன்று வேலைக்கு மனுச் செய்வோர் ஏறக்குறைய யாவரும் அதற்கு முன் பிறந்தவர். அவர்களுள் எத்தனை பேர் வீட்டார் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்டனர் என்பது அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. எனவே, அத்தாட்சி கேட்கும் விளம்பரம் வெளிக்கு உடல்நலம் கேட்பதுபோலத் தோன்றினும், உள்ளே கேட்பது குடும்பத்தின் வசதியையே. வசதியுள்ள வீட்டுப் பெண் கதவுக்குள் நுழைகிறாள். தையற்காரியின் மகள் ஆறு மாதம் வெளியே நிற்கிறாள்.

நிற்க. இனிச் சட்டத்துக்கு வருவோம்.

இத்துறையில் முந்தி வழிகாட்டியது அமெரிக்க நாடு. அங்கே 1983-ம் ஆண்டில் வைத்தியத் தொழிலாளருள் ஏறத்தாழ 17,000 பேருக்கு இந்நோய் தொற்றியதாக மதிப்பிட்டனர். 1986-ம் ஆண்டில் தொழிற்சங்கத்தார் அரசாங்கத்திடம் மனுச் செய்தனர். அதன் பயனாக 1991-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு விதி பிறந்தது. இரத்தத்தோடு பழகும் வேலையில் ஒருவரை அமர்த்திய 10 வேலை நாட்களுக்குள், அவருக்குத் தடுப்பூசி கிடைக்கும்படி முதலாளி செய்தல் வேண்டும். ஒரு காசும் வாங்கலாகாது. தகுந்த நேரத்திலும் தகுந்த இடத்திலும் அது நடத்தல் வேண்டும். தொழிலாளி வேண்டாமென்றால் அவ்வாறு எழுதிக் கையொப்பமிடலாம். பின்னர் மனம் மாறி வேண்டுமென்றால், அப்போதும் முதலாளியே இலவசமாக இடுவித்தல் வேண்டும். 1995-ம் ஆண்டில் தொற்றியவர் தொகை ஏறத்தாழ 400 ஆகக் குறைந்தது. 17,000 எங்கே, 400 எங்கே! கையுறை முதலிய மற்றக் காப்புகளும் இதற்கு உதவினவாயினும், ஊசிக்குரிய பங்கு பெரிது.

நம் நாட்டிலும் விதி உண்டு. 2016-ம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்திய அரசாங்கத்தார் உயிர்மருத்துவக் கழிவு நிர்வாக விதிகளைப் பிறப்பித்தனர். அவற்றின்படி, வைத்தியசாலை, மருந்தகம், பரிசோதனைச் சாலை, இரத்த வங்கி முதலியவற்றை நிர்வகிப்பவர், தம் வைத்தியத் தொழிலாளருக்கும், கழிவைக் கையாளும் பிறருக்கும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். உணவு விடுதி நடத்துவோரே, நீங்களும் தப்பினீரில்லை! 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குகளில், உணவைக் கையாளுவோருக்கு ஆண்டுக்கொருமுறை வைத்தியப் பரிசோதனையும், குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசியும், அவற்றுக்குப் பதிவேடும் இருத்தல் வேண்டுமென்று விதித்திருக்கின்றனர்.

2016-ம் ஆண்டு விதியிலே ‘பிறருக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரத்தம் தோய்ந்த பஞ்சையும் உடைந்த ஊசியையும் கூட்டி அள்ளுகின்றவர், குத்தகைக்காரர் அனுப்பும் துப்புரவுத் தொழிலாளர். அவர் பெரும்பாலும் நம் மரபினர் அல்லர். இச்சபையில் அவருக்கு இடமும் இல்லை. ஆனால் குத்துகின்ற ஊசி, இவர் இன்னார் மரபினர் என்று கேட்டுக் குத்துவதில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டு, அவரைக் குத்தகைக்காரரின் ஆள் என்று கைகழுவுவோமாயின், நாம் இங்கே பேசுவது நியாயமாகாது, சுயநலமாகும்.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, வேலை தேடுவோர் எவ்வாறு விடுபட்டனர்? ஒரு சொல்லினாலேதான். அமெரிக்க விதி ‘ஊழியர்’ என்கிறது. இங்கிலாந்தில் 1974-ம் ஆண்டுச் சட்டம், சட்டம் விதித்த பாதுகாப்புக்காக ‘ஊழியரிடம்’ கட்டணம் வாங்கலாகாது என்கிறது. 2020-ம் ஆண்டில் நம் பார்லிமெண்டில் நிறைவேறிய தொழிற் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும், பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் செய்யும் காரியங்களுக்காக ‘ஊழியரிடம்’ கட்டணம் வசூலிக்கலாகாது என்றே சொல்லுகிறது. மனுதாரரோ இன்னும் ஊழியர் ஆகவில்லை. கதவுக்கு உட்புறத்தில் முதலாளியின் தலையில் இருக்கும் செலவு, கதவுக்கு வெளிப்புறத்தில் மனுதாரரின் தலையில் ஏறுகிறது. விளம்பரத்தில் ஒரு வரி எழுதியதால், யாம் எம் கடமையை அவ்விதவைத் தாயின் தையற் கூலியிற் கழித்துக்கொண்டோம்! சட்டத்தின் எழுத்தை மீறவில்லை என்று வாதாடலாம். அதன் கருத்தை மீறினோமென்பதில் ஐயமில்லை.

வேலைக்குள் நுழையும் செலவை ஏழையின் தலையிற் கட்டும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. நம் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர் கதையைப் பெரியோர் அறிவர். முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பேரிலேயே கடனாக ஏறின. ‘துண்டு’ என்ற சீட்டிலே அக்கடன் எழுதப்பெற்று, தோட்டத்துக்குத் தோட்டம் அவனைப் பின்தொடர்ந்தது. 1921-ம் ஆண்டில் துண்டு முறை ஒழிந்தது. 1922-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தையும் இலங்கையில் 1923-ம் ஆண்டில் இயற்றிய சட்டத்தையும் ஒட்டி, ஆள் சேர்க்கும் செலவு தோட்டக்காரர் செலுத்தும் பொதுநிதியின் பொறுப்பாயிற்று. மண்டபம் முகாமிலே தொழிலாளரைத் தங்கவைத்து, அம்மை குத்திய பின்னரே கப்பல் ஏற்றினர். அம்முகாமில் துன்பமும் அவமதிப்பும் மிகுதியாக இருந்தன என்பதை மறைக்கமாட்டோம். ஆயினும், ‘அம்மை குத்திக்கொண்டு அத்தாட்சியோடு வா’ என்று அவர்களை ஊரிலே நிறுத்திவைக்கவில்லை. ஆளை வேண்டுகின்றவனே ஆளைக் காக்கும் செலவையும் ஏற்பது என்ற நியாயம், அந்நாளிலேயே எழுத்தில் ஏறிவிட்டது.

இனி, முதலாளிமார் கூறும் தடைகளுக்கு விடை கூறுவோம். அவற்றை யாமே ஒருகாற் கூறியவராதலின், நன்கு அறிவோம்.

‘இன்று ஊசி போட்டால், மூன்றாம் மாதம் வேறிடத்துக்கு ஓடிவிடுவானே, எம் பணம் வீண்தானே’ என்பது முதல் தடை. ஓடுகின்றவன் ஊசியின் பயனையும் உடன் கொண்டே ஓடுகிறான். பிறரிடம் போட்டுக்கொண்ட ஒருவன் நாளை உம்மிடமும் வருவான். எல்லோரும் போட்டால் எவருக்கும் நட்டமில்லை. மேலும், அவன் உம்மிடம் இருந்த மூன்று மாதமும் அபாயத்தில் இருந்தானல்லனோ? அந்நாட்களுக்கு உரிய காப்பு அது.

‘மூன்று தவணையும் முடியாதவனை வேலையில் விட்டால் அபாயமன்றோ’ என்பது இரண்டாம் தடை. இது நல்லெண்ணத்திற் பிறந்தது. ஆனால் விடை எளிது. வேலைக்கு எடுத்துக்கொண்டு, சேரும் நாளிலேயே முதல் ஊசியை இடுவியுங்கள்; காப்பு வலுக்கும் வரையில் இரத்தமும் ஊசியும் தொடாத வேலையில் வைத்திருங்கள். பதிவு எழுதுதல், மருந்து கணக்குப் பார்த்தல் என எத்தனையோ வேலைகள் உள. கையுறையும், ஊசியைப் போடும் உறுதியான பெட்டியும், பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடலாகாது என்ற பயிற்சியும் எந்நாளும் வேண்டும். வீட்டில் ஆறு மாதம் பட்டினி கிடந்து காக்கவேண்டிய அவசியம் இல்லை.

‘ஊசி வேண்டாமென்பவரைப் பலவந்தம் செய்வதா’ என்பது மூன்றாவது. அன்று. 2022-ம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா தடுப்பூசி வழக்கில் நம் உச்சநீதிமன்றத்தார், எவரையும் ஊசி போட்டுக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தலாகாது என்றும், பொதுநலம் கருதி விதிக்கும் கட்டுப்பாடுகளும் அளவுக்கு உட்பட்டு இருத்தல் வேண்டுமென்றும் தீர்ப்பளித்தனர். இடுவித்தல் என்பது கையைப் பிடித்துக் குத்துதலன்று. அபாயத்தையும் பயனையும் தாய்மொழியில் விளங்கச் சொல்லி, சம்மதம் பெற்று, செலவை ஏற்று இடுவித்தலே கடமை.

இன்னும் ஒன்று உளது. இதனை மெல்லப் பேசவேண்டும். சேருமுன் இரத்தத்தைச் சோதித்து, இந்நோய் உள்ளவரென்று கண்டால், காரணம் சொல்லாமலே வெளியே அனுப்பிவிடும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. எச்.ஐ.வி. பற்றி 2017-ம் ஆண்டுச் சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாகச் சோதனை கேட்பதைத் தடை செய்தது. ஹெபடைடிஸ் பி உடையாருக்கு அவ்வளவு தெளிவான காவல் இல்லை. ஆனால் இதற்கு இன்று நல்ல மருந்துகள் உள. மருத்துவர் மேற்பார்வையில் அவர் பெரும்பாலான வேலைகளைத் தடையின்றிச் செய்யலாம். அவர் இரகசியத்தைக் காத்து, சிகிச்சைக்கு வழிகாட்டுதலே அறம். தெருவில் விடுதல் அறமன்று.

நம் சங்கம் ஓர் இலவச ஊசி முகாம் நடத்திவிட்டால் எல்லாம் தீராதோ என்று காரியக் கமிட்டியிற் சிலர் எம்மிடம் கூறினர். அவர் நல்ல உள்ளத்தை வணங்குகிறோம். நர்ஸ் பள்ளியிற் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு அவ்வாறு முகாம் நடத்துதல் மிக நன்று. அவர்கள் இன்னும் எவருடைய ஊழியரும் அல்லரன்றோ! ஆயினும் தருமம் வேறு, கடமை வேறு. முதலாளியின் கடமையைச் சங்கம் தருமமாகச் செய்யுமானால், கடமை மறந்துபோம். தருமமும் ஓராண்டு நடந்து மறு ஆண்டு நின்றுபோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் வேலையாட்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். உப்பிடுகின்றவருக்கும் ஒரு நினைவு வேண்டும்: தம் வாசலில் வந்து நிற்பவர், தம் தொழிலின் அபாயத்தைத் தம் பொருட்டு ஏற்க வந்தவர் என்ற நினைவு.

ஆகவே, இம்மகாசபை பின்வருமாறு தீர்மானிக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. நம் அங்கத்தினர் நடத்தும் எந்த ஸ்தாபனமும், தடுப்பூசி அத்தாட்சி இல்லாத குறையால் எம்மனுதாரரையும் தள்ளலாகாது. முன்னமே போட்டுக்கொண்டவரா என்று கேட்கலாம்; அது மறுமுறை போடாமைக்காக மட்டும்.

2. முதல் ஊசி சேரும் நாளிலேயே இடப்பெறுதல் வேண்டும். மற்றத் தவணைகளும், முடிந்த பின் ஒன்றிரண்டு மாதத்தில் காப்பு ஏற்பட்டதா என்று காணும் பரிசோதனையும் முதலாளியின் செலவு. அதற்காகச் சம்பளத்திற் பிடித்தமும், விடுப்பிற் கழிவும் கூடா.

3. துப்புரவுத் தொழிலாளருக்கும், குத்தகைக்காரர் அனுப்பும் ஆட்களுக்கும் இதுவே விதி.

4. ஊசி விவரத்தைச் சீட்டில் எழுதி, ஒரு பிரதியைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்தல் வேண்டும். வேலையை விட்டு நீங்கினும் அது அவருடையது.

5. ஊசி குத்திய விபத்து நேருமாயின், அன்றைய தினமே சிகிச்சையும், பின்னர் நடக்கும் பரிசோதனைகளும் முதலாளியின் பொறுப்பு.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒரு வைத்தியசாலை தன் வாசலில் வைக்கும் ஒளிவிளக்குப் பலகையின் செலவிற் சிறு பகுதிதான். சங்கத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லையென்பதும் அறிவோம். ஆனால், நம்முள் ஒருவர் நம்முன் கொடுத்த வாக்கை மீறுதல் எளிதன்று.

யாம் இருந்த குழுவில், அவ்விளம்பர வரியைப் பின்னர் அடித்துவிட்டோம். அப்பெண்ணுக்கு அது உதவவில்லை. அடுத்து வந்த பெண்ணுக்கு உதவியது. இன்று நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதலாளிமார்களே, நாளைக் காலையில் உங்கள் விளம்பரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் அவ்வரி இருக்குமாயின், அடித்துவிடுங்கள். இளைஞர்களே, பெண்களே, அத்தாட்சி கேட்டு உங்களை எவரேனும் திருப்பி அனுப்புவாராயின், ‘விதி அப்படி’ என்ற சொல்லை நம்பாதீர். அவ்விதியைக் காட்டும்படி மரியாதையோடு கேளுங்கள்.